வயிற்றுக் கட்டியை மறைக்காதீர்கள்!

தோட்டத்துக் கூலி குடும்பத்துக்குப் போதாமல் நம் பிள்ளைகள் பலர் ஜொகூரைத் தாண்டி சிங்கப்பூருக்குப் போய் உழைக்கிறார்கள். 1998இல் இரண்டாவது பாலம் திறந்ததிலிருந்து, விடியுமுன் பஸ் ஏறி துவாஸ் பட்டறைகளுக்குப் போய் இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர்களும் உண்டு. அங்கே அவர்களோடு தோளுக்குத் தோள் நின்று வேலை செய்பவர்கள், விடுதிகளில் தங்கியிருக்கும் தமிழ்நாட்டுத் தொழிலாளிகள்.

இவர்களில் ஒருவனுக்கு வயிற்றில் கட்டி போல ஏதோ தட்டுப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவன் யாரிடமும் வாய் திறப்பதில்லை. "சொன்னா பெர்மிட்டை வெட்டி ஊருக்கு அனுப்பிடுவாங்கண்ணே" என்கிறான். விளக்கெண்ணெய் போட்டு உருவிவிட்டு, வலி மாத்திரையை விழுங்கிவிட்டு மறுநாளும் வேலைக்குப் போகிறான். தோட்டத்து டிரசர் தந்த மாத்திரையிலேயே காலம் தள்ளிய நமக்கு இது பழகிப்போன வழக்கம்தான். ஆனால் பழகியது என்பதற்காக அது சரியாகிவிடுமா?

வயிற்றுக் கட்டி எல்லாமே புற்றுநோய் அல்ல. குடலிறக்கமாக இருக்கலாம், வீங்கிய மண்ணீரலாக இருக்கலாம், சீழ்க்கட்டியாகவோ, வெறும் கொழுப்புக் கட்டியாகவோ இருக்கலாம். காசநோய்கூட வயிற்றில் கட்டியாகத் தெரிவதுண்டு. அதை மருந்தாலேயே குணப்படுத்தலாம். வயிற்றின் பின்புறத்தில் வளரும் சில புற்றுக்கட்டிகளோ, பெரிதாகும் வரை வலியே காட்டாது. கையால் தொட்டுப் பார்த்து மட்டும் இவற்றை இனம் பிரிக்க முடியாது.

சாதாரண எக்ஸ்ரே எலும்பை நன்றாகக் காட்டும். கல்லீரல், குடல், கொழுப்பு போன்ற மெதுவான தசைகளைப் பிரித்துக் காட்டாது. அந்தக் குறையைத் தீர்த்ததுதான் சி.டி. ஸ்கேன். 1971இல் லண்டனில் ஒரு நோயாளியின் மூளையை முதன்முதலாக இப்படிப் படம் பிடித்தார்கள். இதை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டுக்கு, கார்மாக் என்பவரோடு சேர்த்து, 1979இல் நோபல் பரிசு கிடைத்தது. ரொட்டியைத் துண்டு போடுவது போல உடம்பைக் குறுக்குக் குறுக்காகப் படமாக்குகிறது இந்த மிஷின். கட்டி எங்கே தொடங்குகிறது, எவ்வளவு பெரிது, எந்த உறுப்பை ஒட்டியிருக்கிறது, உள்ளே இருப்பது நீரா கொழுப்பா என்பதை அது காட்டும். ஆனாலும் கட்டியின் பெயரை உறுதிசெய்யப் பல நேரம் ஊசியால் சிறு துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டியிருக்கும். பித்தப்பைக் கோளாறு போன்ற சிலவற்றுக்கு அல்ட்ராசவுண்டே முதலில் போதும். கதிர்வீச்சு உண்டு என்பதால், தேவையில்லாமல் சி.டி. எடுப்பதும் நல்லதல்ல.

சரி, காசு யார் கட்டுவது? வேலை பெர்மிட்டில் இருப்பவரின் வைத்தியச் செலவு முதலாளியின் பொறுப்பு என்கிறது சிங்கப்பூர்ச் சட்டம். 2023 ஜூலை முதல் ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு மருத்துவக் காப்புறுதி எடுத்தாக வேண்டும். முன்பு இது 15,000 வெள்ளிதான். இந்த உயர்வை நாம் வரவேற்கிறோம். ஆனால் இந்தக் கட்டாயக் காப்புறுதி, ஆஸ்பத்திரியில் படுத்துப் பெறும் சிகிச்சைக்கும் அன்றே வீடு திரும்பும் அறுவைக்கும்தான். வெளிநோயாளியாகப் போய் எடுக்கும் ஸ்கேன் அந்தக் கட்டாயத்துக்குள் வராது. வயிற்றை அறுப்பதற்குப் பணம் உண்டு, அறுக்க வேண்டுமா என்று பார்ப்பதற்கு முதலாளி மனம் வைக்க வேண்டும் என்றால், இது என்ன நியாயம்? டாக்டர் எழுதிக்கொடுத்த ஸ்கேனையும் காப்புறுதியில் சேர்க்க வேண்டும். முடிவு தெரியும் முன்னே ஆளை ஊருக்கு ஏற்றிவிடும் வழக்கமும் ஒழிய வேண்டும்.

நம் குடும்பங்களும் செய்ய வேண்டியது உண்டு. கட்டியை உருவிவிடாதீர்கள். ஸ்கேனுக்குப் போனால் சிறுநீரகக் கோளாறு, மருந்து ஒவ்வாமை, கர்ப்பம், சாப்பிடும் சர்க்கரை மாத்திரை எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். குடலிறக்கம் கல்லாகி, உள்ளே போகாமல், வலியும் வாந்தியும் வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். ஊர் திரும்ப நேர்ந்தால் ஸ்கேன் படத்தையும் ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்கி வாருங்கள். இங்குள்ள அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டருக்கு அது பெரிய உதவி.

பிள்ளை இந்த மாதம் எவ்வளவு அனுப்பினான் என்று கேட்கிறோம். "உடம்பு எப்படிப்பா இருக்கு?" என்றும் அடுத்த முறை சேர்த்துக் கேட்போம். பெர்மிட் போனால் வேறு வேலை தேடிக்கொள்ளலாம். போன உயிரை எந்தச் சங்கமும் மீட்டுத் தர முடியாது.