ரோட்டரி எஞ்சினுக்கு எந்தக் 'காது' சரி?

மாணவர்களே, கார் பிரியர்களான உங்களில் பலருக்கு மாஸ்டா ஆர்எக்ஸ்-7 தெரிந்திருக்கும். அதன் எஞ்சினில் மேலும் கீழும் போய்வரும் பிஸ்டன் கிடையாது. முக்கோண வடிவச் சுழலிகள் இரண்டு, நீள்வட்டம் போன்ற கூடுகளுக்குள் சுழல்கின்றன. ஜெர்மனியைச் சேர்ந்த ஃபெலிக்ஸ் வான்கெலின் பெயரால் அறியப்படும் இந்த ரோட்டரி எஞ்சினின் முதல் மாதிரி 1957இல் ஓடியது. 1991இல் ரோட்டரி எஞ்சின் பூட்டிய மாஸ்டா 787பி, பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது.

பழைய ஆர்எக்ஸ்-7 கார்களில் பெரிய டர்போ பொருத்தி ஆற்றலைக் கூட்டுவோர் இன்றும் உண்டு. அவர்கள் எஞ்சினைக் காக்க 'நாக்கிங்' உணரி ஒன்றைத் தேடுவார்கள். "எது அதிக நுட்பமாகக் கேட்கிறதோ, அதுவே சிறந்தது" என்று நினைப்பவர்கள் ஏராளம். நான் இதை ஏற்கவில்லை. காரணம், நீங்கள் படிக்கும் இயற்பியல் பாடத்திலேயே இருக்கிறது.

நாக்கிங் என்றால் என்ன? ஸ்பார்க் பிளக் மூட்டிய தீ, எரி அறைக்குள் சீராகப் பரவ வேண்டும். டர்போ கூடுதல் காற்றைத் திணிக்கும்போது அழுத்தமும் வெப்பமும் ஏறுகின்றன. தீ இன்னும் எட்டாத மூலையில் இருக்கும் கலவை தானாகவே வெடித்துவிடலாம். அப்போது எழும் அழுத்த அலை சுவரில் மோதி உலோகத்தை அதிரவைக்கும்.

ரோட்டரி எஞ்சினுக்கு இது எமன். சுழலியின் மூன்று முனைகளிலும் உள்ள அடைப்புத் தகடுகள் சில மில்லிமீட்டர் தடிமனே கொண்டவை. பலமான நாக்கிங் சில முறை நேர்ந்தாலே அவை உடையலாம். உடைந்த துண்டு கூட்டின் சுவரைக் கீறி, வெளியேறும் வழியில் டர்போவின் இறக்கைகளையும் சிதைக்கக்கூடும்.

அந்த அதிர்வைக் கேட்கும் காதுதான் நாக்கிங் உணரி. அதற்குள் இருக்கும் அழுத்தமின் பொருள், அழுத்தம் பட்டால் மின்னழுத்தம் தரும். இந்த விளைவை 1880இல் கண்டறிந்தவர்கள் ஜாக், பியேர் கியூரி சகோதரர்கள். உணரிகளில் இரண்டு வகை உண்டு. ஒத்ததிர்வு வகை, இசைக்கவை போலக் குறிப்பிட்ட ஓர் அதிர்வெண்ணுக்கு மட்டும் பலமாகப் பதில் சொல்லும். அகல்வரிசை வகையோ பல அதிர்வெண்களையும் ஏறக்குறைய சமமாகக் கேட்கும்.

86 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்ட சிலிண்டரில் நாக்கிங் ஒலி சுமார் 6 முதல் 7 கிலோஹெர்ட்ஸ் அளவில் எழும். சிலிண்டர் சிறுத்தால் அதிர்வெண் கூடும். ஆனால் ரோட்டரியின் எரி அறை வட்டமானதல்ல. அது நீண்டு மெலிந்தது. எரியும்போதே வடிவம் மாறி நகர்ந்துகொண்டிருப்பது. வட்ட சிலிண்டருக்கான கணக்கு இங்கே செல்லாது. பிஸ்டன் காரிலிருந்து கழற்றிய ஒத்ததிர்வு உணரியை இதில் பொருத்துவது, வேறு வானொலி நிலையத்தைத் திருகி வைத்துக்கொண்டு செய்திக்காகக் காத்திருப்பதற்குச் சமம். காது எவ்வளவு கூர்மையாக இருந்து என்ன பயன்?

ஆகவே என் தேர்வு அகல்வரிசை உணரி. முதலில் எல்லாவற்றையும் பதிவு செய்யலாம்; எந்த அதிர்வெண்ணைக் கவனிப்பது என்பதைக் கணினியில் பிறகு முடிவு செய்யலாம்.

"அது இரைச்சலையும் சேர்த்து அள்ளி வருமே?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. இரு சுழலி எஞ்சின் நிமிடத்திற்கு 7,500 சுற்றில் ஓடும்போது, வினாடிக்கு 250 முறை எரிதல் நடக்கிறது. அதனால் ஒவ்வொரு தீப்பொறிக்கும் பின்வரும் குறுகிய நேரத்தில் மட்டும் கேட்கும்படி கணினியை அமைக்க வேண்டும். குறைந்த டர்போ அழுத்தத்தில், பாதுகாப்பான நிலையில், ஒவ்வொரு வேகத்திலும் எஞ்சினின் இயல்பான இரைச்சலைப் பதிந்துகொள்ள வேண்டும். ஆய்வுக்கூடத்தில் நீங்கள் வைக்கும் கட்டுப்பாட்டு மாதிரி போன்றது இது. அதைவிட மீறி எழும் ஒலிதான் சந்தேகத்திற்குரியது. உணரியை ஸ்பார்க் பிளக் பக்கத்திலுள்ள உலோகத்தில் வாஷர் இல்லாமல் நேரடியாக, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு முறுக்கிப் பொருத்துவதும் முக்கியம். தளர்ந்தால் அதிர்வு சரியாக வந்து சேராது.

"உணரி கேட்பதற்குள் தகடு உடைந்துவிடுமே, பிறகு எதற்கு?" என்பாரும் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. உணரி ஒரு சாட்சி; கவசம் அல்ல. சரியான எரிபொருள் கலவை, குளிர்ந்த காற்று, பொருத்தமான தீப்பொறி நேரம், நாக்கிங்கை எதிர்க்கும் பெட்ரோல் ஆகியவையே கவசம். நம் பெட்ரோல் நிலையங்களில் காணும் 95, 97 என்ற எண்கள் அந்த எதிர்ப்புத் திறனைத்தான் சொல்கின்றன. டர்போ அழுத்தத்தைப் படிப்படியாகக் கூட்டும்போது, முதல் சிறு அறிகுறியிலேயே நிறுத்தச் சொல்வதுதான் உணரியின் வேலை.

எந்த அளவுகோலை வாங்கும் முன்பும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நான் அளக்கப்போவது எது? அது எந்த எல்லைக்குள் இருக்கும்? இயல்பான நிலை எப்படி இருக்கும்? இவற்றுக்கு விடை தெரிந்த பிறகு விலைப் பட்டியலைப் பாருங்கள்.