பகலில் மிச்சம், இரவில் பஞ்சம்: கேரளத்துக்கு பேட்டரி கை கொடுக்குமா?

மழைக்காலம் வந்துவிட்டால் திருவனந்தபுரத்தில் தென்னை மட்டை ஒன்று கம்பியில் விழுந்தாலே போதும், தெரு முழுவதும் இருண்டுவிடும். சாலைக் கடைத்தெருவிலும், கரமனை அக்ரகாரத்திலும், கோட்டைக்குள்ளும் உள்ள நம்மவர் வீடுகளில் இன்வெர்ட்டர் இல்லாத வீடு இன்று குறைவு. "பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும்?" என்று என்னைக் கேட்போர் பலர். ரயில்வேயில் வேலை என்றால் மின்சாரமும் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். அடியேன் வெறும் கிளார்க்தான். ஆயினும் கணக்கு எளியது.

கடையில் பரவலாக விற்பது 12 வோல்ட், 150 ஏ.எச். பேட்டரி. இரண்டையும் பெருக்கினால் 1,800 வாட் மணி, அதாவது இரண்டு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. அடி வரை வற்றவிட்டால் பேட்டரி சீக்கிரம் கெடும். இன்வெர்ட்டரும் தன் பங்குக்குக் கொஞ்சம் எடுத்துக் கொள்ளும். ஆகவே கைக்கு வருவது சுமார் 1,200 வாட் மணி என்று வைத்துக் கொள்ளலாம். பழைய ரக மின்விசிறி இரண்டும் பத்து வாட் பல்பு நான்கும் ஓடினால் ஆறு மணி நேரம். 30 வாட்டில் ஓடும் புதிய ரக விசிறிகளை மாட்டியவர்களுக்கு அதே பேட்டரி பன்னிரண்டு மணி நேரம் வரும். நாலைந்து ஆண்டு உழைத்த பேட்டரி என்றால் இதில் பாதியைத்தான் எதிர்பார்க்கலாம். குழாய்த் தண்ணீரோ கிணற்றுத் தண்ணீரோ ஊற்றக் கூடாது, டிஸ்டில்ட் வாட்டர் மட்டுமே என்பதை வாசகர்கள் அறிவர். அறிந்தும் செய்யாதவர்கள்தான் அதிகம்.

ஆனால் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. இந்தப் பேட்டரி எந்த நேரத்தில் சார்ஜ் ஆகிறது? ஈய பேட்டரியில் நூறு யூனிட் ஏற்றினால் திரும்ப வருவது எழுபத்தைந்தோ எண்பதோதான். மாலையில் போன கரண்ட் ஏழு மணிக்குத் திரும்பியதும் ஊரிலுள்ள இன்வெர்ட்டர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மின்சாரத்தை இழுக்கத் தொடங்குகின்றன. தலைக்கு 200 வாட் வீதம் ஒரு லட்சம் இன்வெர்ட்டர் என்றால் 20 மெகாவாட் ஆகிறது. அதுவும் மாநிலம் மின்சாரத்துக்குத் தவிக்கும் நேரம் பார்த்து.

அந்தத் தவிப்பு சிறிதல்ல. 2024 மே 2-ஆம் தேதி கேரளத்தின் உச்சத் தேவை 5,797 மெகாவாட்டைத் தொட்டது. அந்தக் கோடையில் ஒரு நாள் செலவு 11 கோடி யூனிட்டைத் தாண்டியது. மாநிலத்தின் சொந்த உற்பத்தி பெரும்பாலும் நீரை நம்பியது. தேவையில் பெரும்பகுதி வெளியிலிருந்து வருகிறது, நம் கூடங்குளம் உட்பட. முன்பு மாலை ஆறு முதல் பத்து வரைதான் நெருக்கடி. இப்போது குளிர்சாதனப் பெட்டிகளும், வேலை முடிந்து வீடு திரும்பி சார்ஜில் போடப்படும் மின்சாரக் கார்களும் சேர்ந்து நெருக்கடியை நள்ளிரவு வரை நீட்டித்துவிட்டன. அந்நேரம் மின்சாரச் சந்தையில் விலை அடிக்கடி யூனிட்டுக்கு 10 ரூபாய் என்ற உச்சவரம்பையே தொடுகிறது. நண்பகலிலோ மூன்று ரூபாய்க்கும் கீழே இறங்குவது உண்டு.

நண்பகலில் விலை குறையக் காரணம் சூரிய ஒளி. கேரளத்தில் வீட்டுக் கூரைகளில் அமைந்த சூரிய மின் தகடுகளின் திறன் மட்டும் ஆயிரம் மெகாவாட்டைக் கடந்துவிட்டது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் மூன்று கிலோவாட்டும் அதற்கு மேலும் அமைக்கும் வீட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். பகலில் உபரியை வாரியத்துக்குக் கொடுத்து, இரவில் அதே அளவு யூனிட்டைக் கழித்துக் கொள்ளலாம். வீட்டுக்காரருக்கு வாரியமே ஒரு பேட்டரி. ஆனால் வாரியத்திடம் பேட்டரி இல்லை. மூன்று ரூபாய் பெறுமான மின்சாரத்தை வாங்கிக் கொண்டு, பத்து ரூபாய் பெறுமானத்தைத் திருப்பித் தருகிறது. இந்த நஷ்டம் கூரையில் தகடு இல்லாதவர்கள் தலையில் விழுகிறது என்பது மின் வாரியத்தின் வாதம்.

வாரியத்தின் வாதம் என்பதாலேயே தள்ளிவிட முடியாது. சாலையில் வாடகைக் கடை வைத்திருப்பவருக்கும், ஒண்டுக் குடித்தனத்தில் இருக்கும் தமிழ்த் தொழிலாளிக்கும் சொந்தக் கூரை ஏது? மறுபுறம், அரசு சொன்னதை நம்பிக் கடன் வாங்கித் தகடு போட்டவர் என்ன தவறு செய்தார் என்ற கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. 2025-ல் மாநில மின் ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்ட வரைவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் தகடு போடுவோர் பேட்டரியும் வைக்க வேண்டும் என்றது. எதிர்ப்பு பலமாக எழுந்தது. இறுதி விதிகளில் பல தளர்த்தப்பட்டன.

ரயில் பெட்டி இந்த விஷயத்தில் நல்ல பாடம். பழைய ரகப் பெட்டிகளுக்கு அடியில், சக்கர அச்சிலிருந்து சுழலும் ஜெனரேட்டர் ஒன்று வண்டி ஓடும்போது பேட்டரியை நிரப்பும். வண்டி ஸ்டேஷனில் நிற்கும்போது விளக்கும் விசிறியும் அந்தப் பேட்டரியில் ஓடும். ஒரு மாநிலத்துக்கு இதைச் செய்வது எப்படி?

கேரளத்தின் முதல் முயற்சி காசர்கோடு மாவட்டத்து மைலாட்டி. 125 மெகாவாட் வீதம் நான்கு மணி நேரம், மொத்தம் 5 லட்சம் யூனிட் தரக்கூடிய பேட்டரி நிலையத்துக்கு 2025-ல் என்.எச்.பி.சி. மூலம் ஜே.எஸ்.டபிள்யூ. நிறுவனத்துக்கு ஒப்பந்தம் வழங்கப்பட்டது. வாடகை ஒரு மெகாவாட்டுக்கு மாதம் 4.61 லட்சம் ரூபாய். மாதத்துக்கு 5.76 கோடி. தினம் ஒரு முறை முழுதாக நிரப்பிக் காலி செய்வதாக வைத்தால், ஒரு யூனிட்டைச் சேமித்து வைக்க மட்டும் 3 ரூபாய் 84 காசு. அதில் ஏற்றும் மின்சாரத்தின் விலையும், நூற்றுக்குப் பதினைந்து போல வரும் சேதமும் சேர்ந்தால் ஏழு ரூபாயை ஒட்டி நிற்கும். பத்து ரூபாய்க்கு வாங்குவதைவிட லாபம்தான். ஆனால் அளவைப் பாருங்கள்: உச்சத் தேவையில் நூற்றுக்கு இரண்டு பங்கு, ஒரு நாள் செலவில் அரைப் பங்கு கூட இல்லை.

பேட்டரி என்றால் ரசாயனம்தான் என்பதில்லை. 1976-ல் இந்திரா காந்தி நாட்டுக்கு அர்ப்பணித்த இடுக்கி, 780 மெகாவாட் திறனோடு இன்றும் அந்த வேலையைச் செய்கிறது. பகலில் தண்ணீரை நிறுத்தி இரவில் திறக்கிறது. தமிழ்நாடு ஒரு படி மேலே போய், கோவை மாவட்டம் காடம்பாறையில் மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழ் அணையின் நீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது இறக்குகிறது. 400 மெகாவாட், 1980-களிலேயே கட்டியது. மலையும் மழையும் நம்மைவிட அதிகமுள்ள கேரளத்தில் இவ்வகை நிலையம் இவ்வளவு காலம் பேச்சளவில் நின்றது வியப்புக்குரியது. காட்டை மூழ்கடிக்கக் கூடாது என்ற கவலை நியாயமானதே. ஆனால் ஏற்கனவே உள்ள இரு அணைகளை இணைத்தால் அந்தச் சேதம் வெகுவாகக் குறையும்.

இதற்கிடையே நம் வீட்டு இன்வெர்ட்டர் என்ன செய்வது? மாதம் 250 யூனிட்டுக்கு மேல் செலவிடும் வீடுகளுக்கு மாலை ஆறு முதல் பத்து வரை 25 சதவீதம் கூடுதல் கட்டணம், பகலில் சலுகை. அவர்கள் சார்ஜரின் சுவிட்சை அந்த நான்கு மணி நேரம் அணைத்து வைத்தால் பில்லில் சற்றுக் குறையும். 250-க்குக் கீழே உள்ளவர்களுக்கு, அதாவது நம்மில் பெரும்பாலோருக்கு, எந்த நேரம் ஏற்றினாலும் விலை ஒன்றே. பகலில் ஏற்றுங்கள் என்று அவர்களிடம் சொல்லும் வாரியம், அதற்காக ஒரு பைசா கூடக் குறைப்பதில்லை. அடுத்த கட்டண விசாரணையில் ஆணையத்தின் முன் இதைக் கேட்க நம் சங்கங்களிலிருந்து எவரேனும் போக வேண்டும். அந்த விசாரணைகளில் யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம்.