காய்ச்சல் தணியும் வேளை

மாரி தொடங்கினால் நுளம்பு பெருகும். டெங்குக் காய்ச்சலும் பரவும். 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 186,000க்கும் மேற்பட்டோர் நோயுற்றதாகப் பதிவாயிற்று. கடுஞ்சுரம், தலையிடி, கண்களின் பின்னே நோவு, உடல் உளைவு என்பன இதன் குறிகள்.

சில நாளில் சுரம் தணிந்ததும், நோய் நீங்கிற்றென நாம் மகிழ்கிறோம். ஆனால் ஆபத்து பெரும்பாலும் அப்பொழுதே தொடங்குகிறது. நுண்ணிய குருதிக்குழாய்களிலிருந்து நீர் கசிவதே அதற்குக் காரணம். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, முரசில் இரத்தம், மிகுந்த சோர்வு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். அஸ்பிரின் கொடுத்தலாகாது.

வருமுன் காத்தலே சிறப்பு. முட்டை நுளம்பாவதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் போதும். ஆகவே சிரட்டையிலும் பூச்சாடித் தட்டிலும் பழைய ரயரிலும் தேங்கிய நீரை வாரந்தோறும் கொட்டிவிடுவோமாக.