காத்திருக்கும் வண்டிக்கு யார் கூலி தருவது?

ஆசிரியருக்கு,

சிற்றூர்களில் தனியார் ஆம்புலன்ஸ்கள் கடன் தாங்காமல் ஒவ்வொன்றாக நின்றுபோவதைப் பற்றிய தங்கள் கட்டுரையை முழுமையாக ஏற்கிறேன். அதில் அழுத்திச் சொல்லாத காரணம் ஒன்று உண்டு. ஆம்புலன்ஸின் பெருஞ்செலவு ஓட்டத்தில் இல்லை, காத்திருப்பில் இருக்கிறது. அழைப்பே வராத நாளிலும் வண்டித் தவணை, இன்சூரன்ஸ், இரண்டு ஷிப்ட் ஓட்டுநர் சம்பளம் எதுவும் நிற்பதில்லை. வருமானமோ நோயாளி ஏறினால்தான். பெரும்பாலும் ஒரு வழி வெறுவண்டி வேறு. நோயாளியை ஏற்றிச் செல்வதற்கு ஜிஎஸ்டி கிடையாது என்பது நல்லதே. ஆனால் அதனாலேயே வண்டி வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளவும் வழியில்லை.

தமிழகத்தில் 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் இலவசமாக ஓடும்போது தனியார் வண்டிக்காரர்கள் எதற்கு என்று கேட்கலாம். 108 அவசரத்துக்கானது. சிகிச்சை முடிந்த படுக்கை நோயாளியை வீடு சேர்ப்பதும், நடக்க முடியாதவரை வாராவாரம் டயாலிசிஸுக்கு அழைத்துப்போவதும் அதன் வேலையல்ல. கண்டபடி வசூலிக்கிறார்கள் என்ற புகாரும் பொய்யல்ல. கொரோனா காலத்தில் அது வெட்கக்கேடாகவே இருந்தது. நியாயமான கட்டணம் நிர்ணயிக்குமாறு 2020 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமே மாநிலங்களுக்கு உத்தரவிட வேண்டியதாயிற்று. ஆனால் உச்சவரம்பை மட்டும் வைத்தால், அதை மதிக்கும் நேர்மையானவர்தான் முதலில் கடையை மூடுவார். எனவே கட்டணப் பட்டியலை வண்டியில் ஒட்டி, ரசீதும் கொடுப்பவர்களை மாவட்ட நிர்வாகம் தாலுகாவாரியாகப் பதிவு செய்து, காத்திருப்புக்கென மாதந்தோறும் ஒரு நிலைத்தொகை வழங்க வேண்டும். அரசுத் தலைமை மருத்துவமனை வெகுதொலைவில் உள்ள மலை வட்டங்களிலிருந்து இதைத் தொடங்கலாம்.

– வாசகர், பட்டுக்கோட்டை