லாங்கு பஜார் மணிக்கூண்டில் இல்லாத பெயர்கள்

அன்புள்ள வேலூர் மக்களே,

லாங்கு பஜார் மணிக்கூண்டில் ஒரு கல் பதித்திருக்கிறதே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். வேலூரிலிருந்து 277 பேர் 1914–18 பெரும்போருக்குப் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர்விட்டார்கள் என்று ஆங்கிலத்தில் சொல்கிற கல். மண்டித் தெருவுக்கு மூட்டை கொண்டுபோகிறவர்களும், நேதாஜி மார்க்கெட்டில் காய்கறி வாங்க வருகிறவர்களும் அந்தப் பக்கமாகத்தான் போய்வருகிறார்கள். நிமிர்ந்து படிப்பவர் குறைவு. படித்தாலும் அதில் கிடைப்பது இரண்டு எண்கள். அந்த 14 பேர் யார் என்று கல் சொல்வதில்லை. அவர்களுடைய பெயர்களைத் தேடி எடுத்து, மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் தமிழில் வெட்டி வைக்க வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நான் வேலூர் சைதாப்பேட்டையில் பிறந்தவள். சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியில் நர்ஸிங் படித்துவிட்டு இங்கிலாந்து வந்தேன்; இப்போது பிரைட்டன் பக்கம் வேலை. அங்கே உட்கார்ந்துகொண்டு ஊருக்கு யோசனை சொல்கிறாளே என்று நீங்கள் முணுமுணுத்தால் அதில் தப்பில்லை. ஆனால் இந்த யோசனை எனக்கு இங்கே வந்த பிறகுதான் தோன்றியது.

இந்த நாட்டில் பத்துத் தெரு உள்ள சின்ன ஊரிலும் தேவாலயத்துக்கு அருகே ஒரு போர் நினைவுக்கல் நிற்கும். அதில் எண்ணிக்கை இருக்காது, பெயர்கள் இருக்கும். ஒரே குடும்பப் பெயர் இரண்டு மூன்று முறை வந்தால் அண்ணன் தம்பிகளோ என்று நமக்கே புரிந்துவிடும். நவம்பர் மாதம் அந்தப் பெயர்களை உரக்க வாசிக்கிறார்கள்.

பிரைட்டனில் நம் நாட்டுக்காரர்களுக்கும் ஒரு நினைவிடம் உண்டு. முதல் உலகப் போரில் காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்காக இங்கிருந்த அரண்மனையையே ஆஸ்பத்திரி ஆக்கினார்கள். சிகிச்சை பலிக்காமல் இறந்த இந்துக்களையும் சீக்கியர்களையும் ஊருக்கு வெளியே குன்றின் மேல் தகனம் செய்தார்கள். அந்த இடத்தில் 1921இல் வெள்ளைப் பளிங்கில் எழுப்பியதுதான் சத்ரி. அழகான மண்டபம்; ஆனால் தகனமான 53 பேரின் பெயரும் அங்கே இல்லை. 2010இல்தான் பக்கத்தில் தனிக் கல் வைத்து 53 பெயர்களையும் பொறித்தார்கள். மண்டபத்தில் கை வைக்கவில்லை. 89 ஆண்டு கழித்துச் செய்ய முடிந்ததை நூறு ஆண்டு கழித்தும் செய்யலாம்தானே?

அங்கே பெயர் விட்டுப்போனது தற்செயல் என்று வைத்துக்கொண்டாலும், வேறு இடங்களில் அப்படிச் சொல்ல முடியாது. 1917இல் தொடங்கிய போர்க் கல்லறை ஆணையத்தின் கொள்கை, சிப்பாய் அதிகாரி என்ற வேறுபாடில்லாமல் இறந்த ஒவ்வொருவரின் பெயரையும் பொறிப்பது. பிரான்ஸில் நவ் ஷாப்பெல் நினைவிடத்தில் 4,700க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள் இருக்கின்றன. ஈராக்கில் பஸ்ரா நினைவிடத்துக்கு வந்ததும் கொள்கை மாறிவிட்டது. இந்தியப் படையில் அதிகாரிகளுக்கு மட்டும் பெயர், சிப்பாய்களுக்கு வெறும் தலைக்கணக்கு. 2021இல் அந்த ஆணையமே இதை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது.

மெட்ராஸ் மாகாணத்து ஆட்கள் பலர் போனது அந்த ஈராக்குக்கும், அதாவது அன்றைய மெசபடோமியாவுக்கும், கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும்தான். 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத்தில் இறக்கிவிடப்பட்ட படையில் பாளையங்கோட்டைப் பெயர் தாங்கிய காலாட்படை ஒன்று இருந்தது. மெசபடோமியாவில் டைகிரிஸ் ஆற்றங்கரையில் மெட்ராஸ் சாப்பர்ஸ் வேலை செய்தார்கள். பாலம் கட்டுவதும் பாதை போடுவதும் அவர்கள் தொழில். ராணுவத்தில் அவர்களை இன்றைக்கும் ‘தம்பி’ என்றுதான் அழைக்கிறார்கள். நம் 14 பேர் எந்தப் படையில், எங்கே, எப்படி இறந்தார்கள் என்பதையும் பெயரோடு சேர்த்துத்தான் தேட வேண்டும்.

பெயர்கள் அழிந்துவிடவில்லை. ஆணையத்தின் பதிவேடுகளில் இந்தியச் சிப்பாய்கள் பலருக்குப் படை எண், தகப்பன் பெயர், கிராமம், தாலுகா, ஜில்லா வரை எழுதியிருக்கிறது. ஜில்லா என்றால் நமக்கு வட ஆற்காடு. ஆங்கில எழுத்துக்கூட்டலில் முனுசாமி எது முனியசாமி எது என்று பார்ப்பதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். வேலூர் என்றிருந்தால் அது நகரமா தாலுகாவா என்ற குழப்பம் வேறு. அதை இங்கிருந்து என்னால் தீர்க்க முடியாது, உங்களால் முடியும். சர்ச்சுகளின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைப் பாருங்கள். தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் பழைய மெடல் கிடந்தால் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். அந்தப் போரின் வெள்ளி மெடல்களில் பெயரும் எண்ணும் விளிம்பில்தான் பொறித்திருக்கும். எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

இன்னொரு கேள்வியையும் சிலர் கேட்பார்கள் என்று தெரியும். 1806 ஜூலை 10 அன்று கோட்டைக்குள் கிழக்கிந்தியக் கும்பினிக்கு எதிராக எழுந்த சிப்பாய்களுக்கு மக்கான் சந்திப்பில் தூண் வைத்து மரியாதை செய்கிற ஊர் நம் ஊர். அதே வெள்ளைக்காரனுக்காகத் துப்பாக்கி தூக்கியவர்களுக்கு எதற்கு இன்னொரு கல்? நியாயமான கேள்விதான். ஆனால் 277 பேரும் ராஜ விசுவாசத்தில் உருகிக் கப்பலேறினார்கள் என்று நான் நம்பவில்லை. சம்பளத்துக்கும் சோற்றுக்கும் போனவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். நானும் சம்பளத்துக்காகத்தான் கடல் தாண்டினேன். மணிக்கூண்டுக் கல் ஆட்சி செய்தவர்களின் பெருமைக்கு வைத்தது. ‘இத்தனை பேர் அனுப்பினோம்’ என்ற கணக்கு. இறந்தவர்களின் பெயரை நாம் வெட்டினால் அது அந்தப் பெருமையில் சேராது. 1806க்கு அதனால் எந்தக் குறைவும் வராது.

இதைவிடச் சங்கடமான விஷயம் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். மெட்ராஸ் சாப்பர்ஸ் படையில் பறையர்களும் கிறிஸ்தவர்களும் கணிசமாக இருந்தார்கள். ‘போர்க்குடி’ என்று சிலரைத் தனியே பிரித்த வெள்ளைக்காரர்கள் தென்னாட்டுக்காரர்களை மட்டமாக எடைபோட்டார்கள். போர் முடிந்து பத்து ஆண்டுக்குள் மெட்ராஸ் காலாட்படைகளைக் கலைத்தும்விட்டார்கள். எண்ணாக இருக்கும்வரை அந்த 14 பேர் எந்தத் தெருக்காரர்கள் என்று யாரும் கேட்கப்போவதில்லை. பெயர் வந்தால் கேட்பார்கள். கேட்கட்டும். ஊருக்காக உயிர்விட்டவர்கள் என்று மேடையில் நாம் யாரை நினைத்துக்கொண்டு பேசுகிறோம், யாரை மறந்துவிட்டுப் பேசுகிறோம் என்பது அப்போது வெளியே வரும். பெயர்களில் சாதிப் பட்டம் இருந்தால் பதிவேட்டில் இருப்பது இருக்கட்டும், கல்லில் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். மறுப்பவர்கள் எழுதுங்கள், பேசலாம்.

வேலையை யார் எடுத்துச் செய்வது? முன்னாள் படைவீரர்கள் முன்னே நிற்க வேண்டும். வீட்டுக்கு வீடு ராணுவத்துக்கு ஆள் அனுப்பும் கம்மவான்பேட்டை நம் பக்கத்திலேயே இருக்கிறது. வரலாறு படிக்கும் கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்தால் தேடல் சீக்கிரம் முடியும். மாநகராட்சி இடம் கொடுத்தால் போதும். பஞ்சாபைச் சேர்ந்த லட்சக்கணக்கான சிப்பாய்களின் போர்க்காலப் பதிவேடுகளை எண்மமாக்கிக் கிராமவாரியாகத் தேட வைத்துவிட்டார்கள். நாம் தேட வேண்டியது வெறும் 14 பேர். எல்லாரும் கிடைக்காமல் போகலாம். ஒன்பது பெயர் கிடைத்தால் ஒன்பதை வெட்டி, மிச்சத்துக்கு இடம் விட்டு வையுங்கள். பழைய கல்லைப் பெயர்க்க வேண்டாம், அதன்மேல் பெயின்ட் அடிக்கவும் வேண்டாம்.

பதிவேட்டுப் பக்கங்களை இங்கிருந்து எடுத்து அனுப்புவது என் பொறுப்பு. கல்லுக்கும் சிற்பிக் கூலிக்கும் என் பங்கைத் தருகிறேன். ஒரே ஒரு நிபந்தனை: நம் ஊரில் டியூப் லைட்டுக்குக்கூட ‘உபயம்’ எழுதி வெளிச்சத்தை மறைத்துவிடுவோம், அந்த வழக்கம் இங்கே வேண்டாம். திறந்து வைத்தவர், முன்னிலை வகித்தவர், நன்கொடை கொடுத்தவர் என்று ஒருவர் பெயரும், என் பெயரும்தான், அந்தக் கல்லில் வரக்கூடாது.

இப்படிக்கு,
உங்கள் சைதாப்பேட்டைப் பெண்
பிரைட்டன், இங்கிலாந்து