முன்பணத்தை நாம் கொடுக்கலாமா?

காஞ்சிபுரத்தில் தரகு பார்க்கும் எல்லோருக்கும் இது பழகிய காட்சி. வீடு பிடித்துவிட்டது, விலை படிந்துவிட்டது, நாளும் பார்த்தாகிவிட்டது. ஒப்பந்தம் எழுத இரண்டு லட்சம் குறைகிறது. வாங்க வந்தவர் நம் முகத்தைப் பார்க்கிறார். ஆடி பிறந்துவிட்டால் ஒரு மாதம் போய்விடும். அதற்குள் வீட்டுக்காரர் வேறு ஆளுக்குப் பேசிவிடலாம். "நான் போடுகிறேன், லோன் வந்ததும் கொடுங்கள்" என்று சொல்லத் தோன்றும். நம்மில் சிலர் சொல்லவும் செய்கிறோம். வட்டிக்குக் கொடுப்பவர்களும் உண்டு, வட்டியே வேண்டாம் என்று மனதாரக் கொடுப்பவர்களும் உண்டு.

எந்த எண்ணத்தோடு கொடுத்தாலும் இது தவறு என்பது இந்த இதழின் கருத்து. வாங்குபவர் முன்பணம் திரட்ட நாம் உதவலாம், உதவவும் வேண்டும். ஆனால் அந்தப் பணம் நம் பையிலிருந்து போகக் கூடாது.

முன்பணம் என்ற சொல் இந்த ஊரில் சாதாரணச் சொல் அல்ல. கல்யாணமோ சாவோ மருத்துவச் செலவோ வந்தால் தறிக்காரர் முதலாளியிடம் முன்பணம் வாங்குவார். அது தீரும்வரை வேறு முதலாளிக்கு நெய்ய முடியாது. கூலி போதவில்லை என்று கேட்கவும் வாய் வராது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. கால் நூற்றாண்டு கழித்து, 2003 ஜனவரியில், பட்டுத் தொழிலில் கொத்தடிமைகளாக இருந்த குழந்தைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருந்தது. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகத் தறியில் உட்கார வைக்கப்பட்ட பிள்ளைகள் அவர்கள். இன்று அவர்களுக்கு முப்பது வயது கடந்திருக்கும். தறி போடக் கூடம் உள்ள சொந்த வீடு வேண்டும் என்று நம்மிடம் வருகிறவர்களில் அவர்களும் இருப்பார்கள். அவர்களிடம் மறுபடியும் ஒரு முன்பணத்தை நீட்டுவதற்கு முன் நாம் யோசிக்க வேண்டும்.

நம் பணம் உள்ளே போய்விட்டால் நம் நாக்கும் கட்டுப்பட்டுவிடும். ஒப்பந்தம் எழுதிய பிறகுதான் பல குறைகள் வெளியே வருகின்றன. வில்லங்கச் சான்றில் இல்லாத ஒரு வாரிசு வந்து நிற்பார். தாய்ப்பத்திரத்தில் ஒரு கையெழுத்து விட்டுப்போயிருக்கும். கோயில் ஊர் என்பதால் இங்கே இன்னொன்றும் உண்டு: மனை கோயில் சொத்தாக இருந்தால், பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவின்படி அறநிலையத் துறையின் அனுமதி இல்லாமல் பதிவாகாது. அப்போது "இந்த வீடு வேண்டாம், விட்டுவிடுங்கள்" என்று சொல்ல வேண்டியவர் தரகர். தன் இரண்டு லட்சம் விற்பவர் கையில் இருக்கும்போது அவர் அதைச் சொல்வாரா? வாங்குபவருக்கும் அதே நிலைதான். நமக்குக் கடன்பட்டவர் நம்மிடம் சந்தேகம் கேட்கத் தயங்குவார்.

இதை ஒரு நாடே செய்து பார்த்திருக்கிறது. அமெரிக்காவில் அரசு உத்தரவாதம் பெற்ற வீட்டுக் கடன்களில், வாங்குபவரின் முன்பணத்தை அறக்கட்டளைகள் வழியாக விற்பவரே கொடுக்கும் வழக்கம் பரவியது. 2005-இல் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு ஆராய்ந்தபோது, அப்படி விற்ற வீடுகளின் விலை மற்ற வீடுகளைவிட 2 முதல் 3 சதவீதம் கூடுதலாக இருந்தது. கொடுத்த முன்பணம் விலையில் ஏறி வாங்குபவர் தலையிலேயே வந்து விழுந்திருக்கிறது. அந்தக் கடன்களில் தவணை தவறுவதும் அதிகமாக இருந்தது. 2008-இல் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். நம் நாட்டிலும் கட்டுநரே வட்டி கட்டுவதாகச் சொல்லி விற்ற திட்டங்களில் வீடும் வராமல் கடனும் தீராமல் நின்ற குடும்பங்களின் வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கின்றன.

சரி, பணம் கொடுக்காமல் எப்படி உதவுவது? முதலில் கணக்கை நேராகச் சொல்லுங்கள். 25 லட்ச ரூபாய் வீடு என்று வைத்துக்கொள்வோம். 30 லட்சம் வரையிலான கடனுக்கு ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் மேல்வரம்பு 90 சதவீதம். முழுதாகக் கிடைத்தாலும் 22.5 லட்சம்தான். மீதி 2.5 லட்சம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 2.25 லட்சம், இந்த விலை வீட்டுக்கு அந்தச் செலவைக் கடனில் சேர்க்க முடியாது. கையில் 4.75 லட்சம் இல்லாமல் இந்த வீட்டை வாங்க முடியாது. பேச்சு தொடங்கும் முதல் நாளே இதை ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இங்கே நாம் செய்யும் ஒரு பெரிய தவறையும் சொல்லியாக வேண்டும். அதே வீட்டைப் பத்திரத்தில் 18 லட்சம் என்று குறைத்துக் காட்டச் சொல்கிறோம். அரசுக்குப் போக வேண்டிய 63,000 ரூபாய் மிச்சமாகிறது. ஆனால் வங்கிகள் பொதுவாகப் பத்திர மதிப்பையும் மதிப்பீட்டாளர் சொல்லும் மதிப்பையும் ஒப்பிட்டு, குறைவானதை வைத்தே கடன் தருகின்றன. 18 லட்சத்தில் 90 சதவீதம் 16.2 லட்சம். மீதி 8.8 லட்சமும் பதிவுச் செலவு 1.62 லட்சமும் சேர்த்து வாங்குபவர் 10.42 லட்சம் கொண்டுவர வேண்டும். 63,000 மிச்சம் பிடிக்கப் போய் அவர் கைப்பணச் சுமையை 5.67 லட்சம் கூட்டிவிட்டோம். கந்துவட்டிக்காரரிடம் அவரை அனுப்புவது பல நேரம் இந்தப் பத்திரக் கணக்குதான். உண்மை விலையை எழுதுவது சட்டத்துக்கு உட்பட்டது. முன்பணப் பிரச்சினையையும் பாதியாகக் குறைக்கிறது.

தறிக்காரர்களிடம் சம்பளச் சீட்டு கிடையாது. கூட்டுறவுச் சங்க உறுப்பினராக இருந்தால் கூலியில் ரூபாய்க்கு 8 காசு சேமிப்புக்குப் பிடிக்கிறார்கள், அரசு 4 காசு சேர்க்கிறது. அந்தச் சேமிப்புக் கணக்கு பல ஆண்டு வருமானத்தின் எழுத்துச் சான்று. அதையும் கூலிப் பதிவையும் எடுத்துக்கொண்டு அவரோடு வங்கிக்குப் போய் உட்காருவது நாம் செய்யக்கூடிய பெரிய உதவி. பத்து லட்சம் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைகிறது என்பதையும் சொல்லுங்கள். பிரதம மந்திரி நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் உள்ள வட்டி மானியம் 1.80 லட்சம் வரை கிடைக்கும். ஆனால் அது ஐந்து ஆண்டுத் தவணையாகக் கடன் கணக்கில்தான் சேரும். அதைக் காட்டி முன்பணம் கட்டச் சொல்லாதீர்கள்.

கட்டிய பணத்தைக் காப்பதும் நம் வேலை. அச்சாரமாகக் கொடுத்ததை, வாங்குபவர் தவறினால், விற்பவர் வைத்துக்கொள்ளலாம் என்றும், விலையின் பகுதியாகக் கொடுத்த முன்பணத்தை அப்படி வைத்துக்கொள்ள முடியாது என்றும் 2012 அக்டோபரில் சதீஷ் பத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே ஒப்பந்தத்தில் என்ன சொல் எழுதுகிறோம் என்பது முக்கியம். பணம் காசோலையிலோ வங்கி வழியாகவோ போகட்டும். நிலம், வீட்டு விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் 2015 ஜூன் முதல் தடுக்கிறது. புதுத் திட்டமாக இருந்தால், பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று ரெரா சட்டத்தின் 13-ஆம் பிரிவு சொல்வதை வாங்குபவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

முன்பணத்தைக் குறைத்துக் கெடுவை நீட்டும்படி விற்பவரிடம் பேசுங்கள். நம் தரகை ஒப்பந்தத்தன்று கேட்காமல் பத்திரப் பதிவன்று வாங்கிக்கொள்ளலாம். அது நமக்குச் சிரமம்தான்; ஆனால் யாரையும் நமக்குக் கடனாளி ஆக்காத உதவி.

நண்பர்களே, ஆவணி முகூர்த்தங்கள் வருகின்றன. இந்த முறை நீங்கள் எழுதும் ஒவ்வொரு கிரய ஒப்பந்தத்திலும் ஒரு வரியைச் சேருங்கள்: "வங்கிக் கடன் மறுக்கப்பட்டால் முன்பணம் முழுவதையும் விற்பவர் முப்பது நாளுக்குள் திருப்பித் தர வேண்டும்." விற்பவர் மறுத்தால், அதை வாங்குபவரிடம் கையெழுத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.