ஜேம்ஸ் பாண்டுக்கு ஒரு மெட்டு வேண்டும்

செயின்ட் பீட்டர்ஸ்பர்க் தெருக்களில் ஜேம்ஸ் பாண்ட் ஒரு ராணுவ டாங்கியை ஓட்டிக்கொண்டு சுவர்களை இடித்துத் தள்ளும் காட்சிக்கு இரண்டு இசைகள் உண்டு. 1995இல் வந்த ‘கோல்டன்ஐ’ படத்தில் நாம் கேட்பது ஒன்று. அந்தப் படத்தின் இசை ஆல்பத்தில் இருப்பது வேறொன்று. ஆல்பத்தில் உள்ளது படத்தின் இசையமைப்பாளரான பிரெஞ்சுக்காரர் எரிக் செரா தந்தது. இரும்பைத் தட்டியதுபோலத் தாளம், அடியில் சிந்தசைசரின் உறுமல். தயாரிப்புத் தரப்புக்கு அது போதவில்லை. ஜான் ஆல்ட்மன் என்ற இன்னொருவரை அழைத்து, பழைய பாண்ட் மெட்டை முழு ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதி வாங்கி, படத்தில் அதைச் சேர்த்துவிட்டார்கள்.

அந்த மாற்றம் சரிதானா என்று பாண்ட் இசையின் ரசிகர்கள் 30 ஆண்டுகளாக வாதாடுகிறார்கள். டிரம்பெட்டும் ட்ராம்போனும் முழங்க வேண்டிய இடத்தில் கம்ப்யூட்டர் சத்தம் எதற்கு என்பது ஒரு தரப்பின் கோபம். பனிப்போர் முடிந்த பிறகு வந்த முதல் பாண்ட் படம் அது, பழைய பாணியையே ஏன் அரைக்க வேண்டும் என்பது மறுதரப்பின் கேள்வி. இந்த இரண்டாம் தரப்புக்குப் பின்னாளில் ஆள் கூடியது. 1997இல் நின்டெண்டோ 64 கருவிக்காக இதே படத்தின் கதையை வைத்து வந்த வீடியோ கேம் செராவின் உலோக ஒலிகளின் பாணியை எடுத்துக்கொண்டது. அந்த விளையாட்டில் பள்ளிப் பருவத்தைக் கழித்தவர்களுக்கு அந்தக் கணகண ஓசைதான் பாண்டின் ஓசை.

இரண்டு தரப்பும் உண்மையான ஈடுபாட்டோடு பேசுகின்றன. ஆனால் இரண்டு தரப்பும் பேசுவது கருவியைப் பற்றி. ஆர்கெஸ்ட்ராவா, எலெக்ட்ரானிக்ஸா என்ற இந்தக் கேள்வியே பிழையான இடத்தில் நிற்கிறது. பாண்ட் படங்களின் வரலாறு அதைத்தான் சொல்கிறது.

எது பழைய, அசலான பாண்ட் இசை? 1962இல் ‘டாக்டர் நோ’ படத்துக்காக மான்ட்டி நார்மன் இயற்றி, ஜான் பேரி இசைக்கோவை செய்து, விக் ஃபிளிக் எலெக்ட்ரிக் கிதாரில் வாசித்த அந்த மெட்டு. அன்றைய சினிமாவுக்கு எலெக்ட்ரிக் கிதார் நடனக் கூடத்திலிருந்து வந்த புதுச் சத்தம். அந்த மெட்டு பிறந்த இடம் இன்னும் வியப்பானது. வி. எஸ். நைபாலின் ‘எ ஹவுஸ் ஃபார் மிஸ்டர் பிஸ்வாஸ்’ நாவலை மேடை இசை நாடகமாக்க நார்மன் எழுதி வைத்திருந்த ஒரு பாட்டு அது. டிரினிடாட் தீவில் வாழும் இந்தியக் குடும்பத்தின் கதை என்பதால் முதலில் அவர் நினைத்தது சிதாரை. சிதாரிலிருந்து கிதாருக்கு மாறியதும் பிரிட்டிஷ் உளவாளியின் அடையாளமாகிவிட்டது. கருவி மாறியும் மெட்டு நின்றதற்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை.

1969இல் ‘ஆன் ஹர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்’ வந்தது. அதன் தொடக்க இசையில் கீழ்நோக்கி இறங்கும் அந்தக் கனத்த ஒலி மூக் சிந்தசைசருடையது. அப்போது அந்தக் கருவி சந்தைக்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. பனிச்சறுக்குத் துரத்தலில் பித்தளை வாத்தியங்களோடு அதுவும் சேர்ந்து ஓடுகிறது. இன்று ‘கம்ப்யூட்டர் சத்தம் வேண்டாம்’ என்பவர்கள் பலருக்கும் மிகப் பிடித்த பாண்ட் இசை இதுவாகத்தான் இருக்கும். எலெக்ட்ரானிக்ஸ் அங்கே இருப்பதை அவர்கள் குறையாக எண்ணுவதில்லை. மெட்டு அவர்களைப் பிடித்துக்கொண்டுவிட்டது.

பேரி இசையமைத்த 11 பாண்ட் படங்களில் கடைசி 1987இல் வந்த ‘தி லிவிங் டேலைட்ஸ்’. இதில் ஆர்கெஸ்ட்ராவுக்கு அடியில் எலெக்ட்ரானிக் தாளத்தை ஓடவிட்டார். அதைவிட அழகான காரியம் ஒன்றும் செய்தார். படத்தின் கொலைகாரன் நெக்ரோஸ், காதில் வாக்மேன் மாட்டிக்கொண்டு பாட்டு கேட்கிறவன். ‘தி ப்ரிடெண்டர்ஸ்’ குழு பாடிய அந்தப் பாட்டை எழுதியதில் பேரிக்கும் பங்கு உண்டு. பால்காரன் வேடத்தில் நெக்ரோஸ் நாட்டுப்புற மாளிகைக்குள் நுழையும்போது ஹெட்ஃபோனில் லேசாகக் கசிவது அந்தப் பாட்டு. சமையலறைச் சண்டையில் அதே மெட்டு ஆர்கெஸ்ட்ராவில் எழுந்து வருகிறது. பறக்கும் விமானத்தின் வாயிலில் வலைமூட்டையைப் பிடித்துத் தொங்கியபடி அவனும் பாண்டும் மோதும்போதும் அதுவே திரும்ப வருகிறது. இசை தெரியாதவருக்கும் இது புரியும்: அந்த மெட்டு கேட்டால் அவன் வந்துவிட்டான் என்று அர்த்தம்.

இதை வைத்துப் பார்த்தால் செராவின் இசையில் எது குறை என்று தெளிவாகிறது. அவர் திறமை குறைந்தவரே இல்லை. லூக் பெசோனின் ‘நிகிடா’, ‘லியோன்’ படங்களில் அவர் செய்த வேலையைக் கேட்டவர்களுக்கு அது தெரியும். ‘கோல்டன்ஐ’யிலேயே, இடித்துத் தள்ளப்பட்ட சோவியத் சிலைகள் இருட்டில் கிடக்கும் பூங்காக் காட்சியில் அவருடைய குளிர்ந்த ஒலி அபாரமாகப் பொருந்துகிறது. உடைந்த லெனின் முகத்துக்கு டிரம்பெட் முழக்கம் வைத்திருந்தால் அது கேலியாகியிருக்கும். ஆனால் மொனாக்கோ மலைச்சாலையில் பாண்டின் ஆஸ்டன் மார்ட்டினும் சிவப்பு ஃபெராரியும் போட்டி போடும்போது அவர் தரும் துள்ளல் தாளம் காரையும் சாலையையும் மட்டுமே பார்க்கிறது, ஓட்டுகிறவனைப் பார்க்கவில்லை. அந்தத் தாளத்தை எந்தக் கார் விளம்பரத்துக்கும் வைக்கலாம்.

அவர் கையில் ஒரு மெட்டு இல்லாமல் போனதற்கு அவர் மட்டும் பொறுப்பில்லை. டினா டர்னர் பாடிய தலைப்புப் பாடலை எழுதியது ‘யூ2’ குழுவின் போனோவும் தி எட்ஜும். செரா தன் வழியில் வேலை செய்தார், அவர்கள் தங்கள் வழியில் செய்தார்கள். படம் தொடங்கி சில நிமிடங்களில் பார்வையாளர் ஒரு வலுவான பாட்டைக் கேட்டு மனதில் ஏற்றிக்கொள்கிறார். அடுத்த இரண்டு மணி நேரம் அந்தப் பாட்டு அவரைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

தமிழ் ரசிகருக்கு இந்த ஏற்பாடே விசித்திரமாகப்படும். பாட்டுக்கு மெட்டுப் போட்டவரே ரீ-ரெக்கார்டிங்கும் செய்வதுதான் இங்கே பெருவழக்கு. 1986இல் சுஜாதாவின் கதையில் கமல்ஹாசன் உளவாளியாக நடித்த ‘விக்ரம்’ படத்துக்கு இளையராஜா தந்த தலைப்புப் பாட்டு முழுக்க எலெக்ட்ரானிக் வேகத்தில் ஓடுவது. ஆனாலும் ‘இது மிஷின் பாட்டு’ என்று யாரும் அதைத் தள்ளிவைக்கவில்லை. 2022இல் லோகேஷ் கனகராஜ் இயக்கிய ‘விக்ரம்’ படத்துக்கு அனிருத் இசையமைத்தபோதும் பாட்டும் பின்னணி இசையும் ஒரே கையில்தான் இருந்தன. காதல் பாட்டின் நான்கு ஸ்வரங்கள் பிரிவுக் காட்சியில் ஒற்றைப் புல்லாங்குழலாகத் திரும்பி வருவதைக் கேட்டு வளர்ந்த காதுகள் நம்முடையவை. மேற்கத்திய ரசிகர்கள் இத்தனை ஆண்டுகளாக எதைத் தேடுகிறார்கள் என்பது நமக்குச் சட்டென்று விளங்க வேண்டும்.

‘கோல்டன்ஐ’க்கு அடுத்த படத்திலேயே பதில் கிடைத்தது. டேவிட் அர்னால்ட் என்ற ஆங்கிலேயர், பாண்ட் பாடல்களைப் புதிய கலைஞர்களைக் கொண்டு மறுபடி பாடவைத்து 1997இல் ஓர் ஆல்பம் வெளியிட்டார். அதைக் கேட்டு மகிழ்ந்த ஜான் பேரியே தயாரிப்பாளரிடம் அவரைச் சிபாரிசு செய்தார். அதே ஆண்டு வந்த ‘டுமாரோ நெவர் டைஸ்’ அர்னால்டுக்குப் போனது. ஹாம்பர்க் நகரின் அடுக்குமாடிக் கார் நிறுத்தத்தில், பின்னிருக்கையில் படுத்தபடி பாண்ட் தன் பிஎம்டபிள்யூ காரைக் கைபேசியால் ஓட்டும் காட்சியைத் தேடிக் கேளுங்கள். ‘ப்ரொபெல்லர்ஹெட்ஸ்’ குழுவின் அலெக்ஸ் கிஃபோர்டோடு சேர்ந்து அர்னால்ட் அமைத்தது. தாளம் முழுக்க நடனக் கூடத்து எலெக்ட்ரானிக்ஸ். செரா செய்ததைவிட எந்த விதத்திலும் மென்மையானதில்லை. ஆனால் அதன் மேல் பித்தளை வாத்தியங்கள் பாண்ட் மெட்டைத் துண்டு துண்டாக எடுத்து எறிகின்றன. கார் திரும்பும்போது மெட்டும் திரும்புகிறது. செராவைத் திட்டியவர்களிலேயே பலர் இதைக் கொண்டாடினார்கள்.

இந்தப் படத்திலும் பாட்டு விஷயத்தில் ஓர் அநியாயம் நடந்தது. அர்னால்ட் தன் இசை முழுவதையும் ‘சரண்டர்’ என்ற பாட்டின் மெட்டின் மேல் கட்டினார். கே. டி. லாங் பாடிய அந்தப் பாட்டைப் படத்தின் கடைசிப் பெயர்ப்பட்டியலுக்குத் தள்ளிவிட்டு, தொடக்கத்தில் ஷெரில் க்ரோவின் வேறொரு பாட்டை வைத்தார்கள். படம் முடிந்ததும் இருக்கையை விட்டு எழுந்தவர்கள், இரண்டு மணி நேரம் தங்களைக் கூட்டிச் சென்ற மெட்டின் மூலத்தைக் கேட்காமலே வீட்டுக்குப் போனார்கள். ஆல்பத்திலும் குறை. இசைப்பதிவு முழுதும் முடியும் முன்பே அதை வெளியிட வேண்டியிருந்ததால் படத்தின் பிற்பகுதி இசை அதில் இல்லை. மோட்டார் சைக்கிள் துரத்தலின் இசைக்கு 2000இல் வந்த இரண்டாம் பதிப்பு வரை ரசிகர்கள் காத்திருந்தார்கள். அந்த இரண்டாம் பதிப்பைக் கேட்ட பிறகுதான் பலர் இந்த இசையின் முழு உருவத்தை அறிந்தார்கள்.

2006இல் ‘கேசினோ ராயல்’ படத்தில் அர்னால்டுக்கு நியாயம் கிடைத்தது. கிறிஸ் கார்னெலோடு சேர்ந்து தலைப்புப் பாட்டை அவரே எழுதினார். பாண்ட் இன்னும் பாண்டாக ஆகாத கதை அது. அதனால் புகழ்பெற்ற அந்தப் பழைய மெட்டைப் படம் முழுக்க அடக்கிவைத்து, அந்த இடத்தில் தன் புதுப் பாட்டின் மெட்டை ஓடவிட்டார். கடைசிக் காட்சியில் கோமோ ஏரிக்கரையில், காலில் சுடப்பட்டுத் தவழும் எதிரியின் முன் நின்று பாண்ட் தன் பெயரைச் சொன்ன பிறகுதான் எலெக்ட்ரிக் கிதார் முழங்குகிறது. பாண்ட் படங்களின் இசையில் இதற்கு இணையான இடம் வேறில்லை.

மெட்டே இல்லாமலும் உளவுப் படத்துக்கு இசை அமையாதா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2002இல் வந்த ‘தி போர்ன் ஐடென்டிட்டி’க்கு முதலில் கார்ட்டர் பர்வெல் அமைத்த இசையை ஒதுக்கிவிட்டு ஜான் பவெலை அழைத்தார்கள். அவர் வயலின்களை ஒரே சிறு வட்டத்தில் விடாமல் சுற்றவிட்டு, கீழே எலெக்ட்ரானிக் தாளம் கொடுத்தார். நீளமான பாட்டு மெட்டு அங்கே இல்லை. ஆனால் அது நினைவிழந்த ஒருவனின் கதை. தான் யாரென்று தெரியாதவனுக்கு முழுமையான மெட்டு எப்படி இருக்கும்? பவெல் கதையைக் கேட்டு அமைத்தார். பிறகு வந்த எத்தனையோ படங்கள் காரணத்தை விட்டுவிட்டு அந்தப் படபடப்பை மட்டும் எடுத்துக்கொண்டன. அந்த நகல்களைக் கேட்டு அலுத்தவர்கள்தான் இன்று எலெக்ட்ரானிக்ஸ் என்றாலே முகம் சுளிக்கிறார்கள். அவர்கள் அலுப்பு புரிகிறது, ஆனால் குற்றம் கருவியுடையதில்லை.

டேனியல் கிரெய்க் பாண்டாக நடித்த பிற்காலப் படங்களைப் பற்றிய கருத்துகளும் இந்த வழியில்தான் போகின்றன. ‘ஸ்கைஃபால்’ படத்துக்குத் தாமஸ் நியூமன் தந்த நுட்பமான இசை பாஃப்டா விருது பெற்றது. ஆனாலும் ரசிகர்கள் முதலில் நினைவுகூர்வது, மக்காவ் சூதாட்டக் கூடத்துக்கு விளக்குகளுக்கிடையே படகில் பாண்ட் வரும்போது அடேலின் பாட்டு மெட்டு வயலின்களில் எழும் இடத்தைத்தான். அந்த ஓர் இடத்தோடு அது நின்றுவிட்டதே என்பதுதான் வருத்தம். அடுத்த ‘ஸ்பெக்டர்’ படத்தில் முந்தைய படத்தின் இசைத் துண்டுகளே மறுபடி வந்தபோது நியூமனைப் பாராட்டியவர்களும் சலித்துக்கொண்டார்கள். ‘நோ டைம் டு டை’யில் கடைசி மாதங்களில் பொறுப்பேற்ற ஹான்ஸ் சிம்மர், பில்லி ஐலிஷ் பாட்டின் மெட்டையும் 1969ஆம் ஆண்டுப் படத்தின் காதல் பாட்டையும் இசைக்குள் கொண்டுவந்தார். அவசரத்தில் செய்த வேலை என்றாலும், பாட்டும் பின்னணி இசையும் மறுபடி பேசிக்கொண்டன.

இனி வரப்போகும் பாண்ட் படத்தை இயக்க 2025 ஜூனில் டெனி வில்நெவ் பெயரை அமேசான் எம்ஜிஎம் அறிவித்தது. அன்றே இசை பற்றிய கவலை தொடங்கிவிட்டது. அவருடைய ‘சிகாரியோ’வில் யோஹான் யோஹான்சன் தந்தது அடிவயிற்றைக் கலக்கும் ஆழ்ந்த ஒலிகள், ‘டியூன்’ படங்களில் சிம்மர் எலெக்ட்ரானிக்ஸை மலைபோலக் குவித்தார். பாண்டுக்கும் இதே இரைச்சல்தானா என்று ஆர்கெஸ்ட்ரா ரசிகர்கள் அஞ்சுகிறார்கள். ஒலி எவ்வளவு இருண்டதாக இருந்தாலும் இருக்கட்டும், சிந்தசைசர் எத்தனை வேண்டுமானாலும் வரட்டும். தயாரிப்பாளர்கள் ஒன்றை மட்டும் செய்ய வேண்டும்: தலைப்புப் பாட்டை எழுதும் பொறுப்பைப் பின்னணி இசை அமைப்பவரிடமே, வேலை தொடங்கும் நாளிலேயே ஒப்படைக்க வேண்டும். பாடப்போவது எந்த நட்சத்திரம் என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்துகொள்ளலாம்.